வேண்டுமென்றே போட்ட தப்பு

பள்ளிக்கூடம் கோடை விடுமுறையை ஒரு கையால் கொடுத்து, அதே மூச்சில் மறு கையால் வாங்கிக்கொண்டது. அப்படி வாங்கிக்கொண்டதற்குப் பெயர் கோடை வீட்டுப்பாடம். அடுத்த வருடம் அட்வான்ஸ்டு இயற்பியல் வகுப்பில் சேர நினைப்பவர்கள் மட்டும் செய்தால் போதும் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. சேர நினைக்காதவர்கள் சந்தோஷமாக இருக்கலாம் என்பதை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

இயற்பியல் சாருக்குக் கோடையில் பேப்பர் திருத்தப் பிடிக்காது. குளிர்காலத்திலும் பிடிக்காது என்றாலும், அப்போது சம்பளம் வந்துகொண்டிருக்கும். ஆகவே அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். குலுக்கல் போட்டு இருவர் இருவராகப் பிரித்துவிடுவார். வாரம் ஒரு பக்கக் கணக்கு. ஒருவர் போட்டதை இன்னொருவர் திருத்த வேண்டும். தப்பு என்றால் வெறுமனே பெருக்கல் குறி போடக் கூடாது. ஏன் தப்பு, எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று புரியும்படி எழுத வேண்டும். கோடை முடிவில், தன் ஜோடி அட்வான்ஸ்டு வகுப்புக்குத் தயாரா இல்லையா என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வரியை வைத்துத்தான் சீட்டு. இதற்குச் சார் வைத்த பெயர் 'சக மாணவர் கற்றல்'. அவர் மனைவி வைத்த பெயர் வேறு.

குலுக்கலில் ஸ்கேலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தாள்.

ஸ்கேல் என்பது அவன் உடம்பைப் பார்த்து வைத்த பெயர். நிற்க வைத்து ஓரம் பிடித்துக் கோடு போடலாம். இன்ஸ்பெக்டர் என்பது அவள் கண்ணைப் பார்த்து வைத்த பெயர். சாரின் விடைத்தாளிலேயே தப்புக் கண்டுபிடித்து, அதைச் சாரிடமே போய்ச் சொன்னவள். இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் அவள் ஸ்கேலிடம் பேசியது ஒரே தடவை. ஆய்வகத்தில், "கொஞ்சம் தள்ளு, உன் நிழல் விழுது" என்றாள். அன்றிலிருந்து அவன் கொஞ்சம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். ஆனால் பார்வையை வேறு பக்கம் திருப்பவில்லை.

முதல் வாரம் அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் போட்டான். எல்லாம் சரி. பேப்பர் திரும்பி வந்தது. பக்கம் முழுக்கப் பச்சை மையில் டிக். ஒரு வார்த்தை கிடையாது. ஈர மண்ணில் ஒரு பறவை நடந்த மாதிரி வரிசையாக டிக், டிக், டிக். கடைசிக் கணக்கில் மட்டும் அவன் அலகு எழுத மறந்திருந்தான். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில், "அலகு எங்கே? வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயா?" என்றிருந்தது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கேலி செய்திருக்கிறாள்! அவனை நினைத்து, பேனாவைத் திறந்து, யோசித்து! அன்று முழுக்க அந்த வரியைப் படித்தான். படித்து முடித்ததும், எந்த இயற்பியல் புத்தகத்திலும் இல்லாத விதியொன்று அவனுக்குப் புலப்பட்டது: சரியான விடைக்கு டிக் கிடைக்கும், தப்பான விடைக்கு அவள் கிடைப்பாள்.

அன்றே உற்பத்தி தொடங்கியது. அவள் போட்ட பக்கங்களில் அவன் திருத்த எதுவும் இருக்காது; டிக் போட்டுத் திருப்பிவிடுவான்.

தப்பாகப் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் சரியாகப் போட வேண்டும். பிறகு எந்த இடத்தில் வழுக்கினால் நிஜமாகவே வழுக்கியது போலிருக்கும் என்று தேட வேண்டும். கூட்டலில் தப்புவிட்டால் அரை வரிதான் கிடைக்கும். அடிப்படையிலேயே கோளாறு என்றால் பத்தி பத்தியாகக் கிடைக்கும். இப்படி ஆராய்ந்து ஆராய்ந்து, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அவனுக்கு இயற்பியல் தெரிந்துபோயிற்று.

அவன் அக்கா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருப்பவள். நாள் முழுக்க ஊரார் வலியைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வரும்போது இரக்கம் தீர்ந்திருக்கும். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டேய், சரியா போட்டுட்டு, அதைத் தப்பா காப்பி பண்றியா?"

"உனக்குப் புரியாதுக்கா."

"யாருடா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"பொண்ணு இல்லாம எவனும் இவ்வளவு முட்டாளா ஆக முடியாதுடா. பாத்துக்கோ, சீட்டைக் கோட்டை விட்டுடப் போற. அடுத்த வருஷம் அவ ஒரு கிளாஸ்ல, நீ ஒரு கிளாஸ்ல."

அக்கா சொன்னது அவன் காதில் விழுந்தது. ஆனால் அப்போது உராய்வு விசை எந்தப் பக்கம் என்ற கணக்கில் இருந்தான். பெட்டியைத் தள்ளுகிற பக்கமே உராய்வையும் அம்பு போட்டுக் காட்டினான். அதற்கு அவள் அரைப் பக்கம் எழுதினாள், படம் வேறு. கீழே, "உராய்வும் உனக்கு ஒத்தாசை செய்தால் பெட்டி தானாகவே தெருவைத் தாண்டிப் போய்விடும். அப்படி ஒரு பெட்டி உன் வீட்டில் இருந்தால் சொல், வந்து பார்க்கிறேன்."

வந்து பார்க்கிறேன். அவன் வீட்டிலிருந்த பெட்டிகளையெல்லாம் ஒரு தடவை தள்ளிப் பார்த்தான்.

பேப்பர் கை மாறுகிற இடம் இன்ஸ்பெக்டரின் அப்பா நடத்துகிற சலவைக்கடை. உள்ளே நுழைந்தால் முகத்தில் நீராவியும் சோப்பு வாசனையும் அடிக்கும். கவுன்டருக்குப் பின்னால் மேலே ஒரு கம்பி ஓடும். பொத்தானை அழுத்தினால் பாலிதீன் உறை போட்ட கோட்டுகளும் பாவாடைகளும் வரிசையாக நகர்ந்து வரும். அவள் அந்த வரிசைக்குப் பின்னால் நின்று இஸ்திரி போடுவாள். அவனுக்குத் தெரிவதெல்லாம் தொங்குகிற துணிகளுக்குக் கீழே ஒரு ஜோடி நீலச் செருப்பு. கோடை முழுக்க அவன் அந்தச் செருப்பைத்தான் பார்த்தான். ஒரு கால் மீது இன்னொரு காலை வைத்தால் கனமான துணி, குதிகால் தூக்கினால் உயரத்தில் எதையோ மாட்டுகிறாள் என்று சொல்லுமளவுக்குத் தேறியிருந்தான்.

கடைக்காரர் எதை வாங்கினாலும் நம்பர் சீட்டுக் குத்தாமல் வாங்க மாட்டார்.

"என்ன தம்பி, சட்டையா, கணக்கா?"

"கணக்கு அங்கிள்."

"கறை ஏதாவது?"

"நிறைய இருக்கு அங்கிள்."

"அதனால என்ன, எம் பொண்ணு எடுத்துடுவா. சீட்டைத் தொலைச்சிடாத, அப்புறம் வேற எவனோட மார்க்காவது உனக்கு வந்துடும்."

கடைசி வாரம் அவன் போனபோது கவுன்டரில் கடைக்காரர் இல்லை. அவளே நின்றாள். செருப்புக்கு மேலே இவ்வளவு இருக்கிறது என்பது அவனுக்கு ஒரு கணம் மறந்தே போயிருந்தது.

"உங்கிட்ட நேர்ல பேசணும்னு அப்பாவை வெளிய அனுப்பிட்டேன்" என்றாள்.

இந்த வாக்கியத்துக்காக அவன் எத்தனை கணக்கைக் கெடுத்திருக்கிறான்!

"தப்பா நினைச்சுக்காத. 'தயார் இல்லை'ன்னு எழுதப்போறேன். பொய் எழுத எனக்கு வராது. நீ அந்தக் கிளாசுக்கு வந்தா ரொம்பக் கஷ்டப்படுவ."

அவன் கவுன்டரில் கிடந்த நம்பர் சீட்டுகளை நேராக அடுக்கினான்.

"உன் மேல மட்டும் தப்பு சொல்ல மாட்டேன்" என்றாள், கவுன்டரிலிருந்த ஊசிகளை டப்பாவில் போட்டுக்கொண்டே. "எனக்குச் சொல்லிக்குடுக்கவே தெரியலையோன்னு தோணுது. சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கலாம்னு பேர் குடுத்திருந்தேன். போன வாரம் வேணாம்னு சொல்லிட்டேன். ஒருத்தனுக்கே ஒரு கோடை முழுக்க உராய்வைப் புரிய வைக்க முடியல. எவ்வளவு விதமா எழுதிப் பாத்துட்டேன்."

அவனுக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. சீட்டுப் போவதைக்கூட அவன் தாங்கியிருப்பான். துணி சுற்றுகிற பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்தான். உராய்வுக் கணக்கை எடுத்துக்கொண்டான். பெட்டி, அம்பு, எதிர் அம்பு, விடை, அலகு. பக்கத்திலேயே வேறொரு வழியிலும் போட்டுக் காட்டினான். காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் படித்தாள். நிமிர்ந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் வாரத்துலேர்ந்து."

"அப்போ இவ்வளவு நாள்?"

"சரியா போட்டா நீ டிக் மட்டும்தான் போடுற."

பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. அவள் முகம் சிவந்தது. அதை வெட்கம் என்று அவன் நினைத்தது அரை நிமிடம்கூட இல்லை.

"எங்க வீட்ல எல்லாரும் கடலுக்குப் போனாங்க. நான் போகல. உனக்கு எழுதணும்னு உக்காந்திருந்தேன். ராத்திரி சாப்பிடும்போதும், இவனுக்கு இன்னும் எப்படிச் சொன்னா புரியும்னு யோசிச்சேன். எங்கம்மா கிண்டல் பண்ணாங்க." சற்று நிறுத்தினாள். "ஏன்டா, ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்து எப்படி இருக்கன்னு கேட்டிருந்தா நான் என்ன கடிச்சுத் துப்பியிருப்பேனா?"

இந்த வழி அவனுக்குத் தோன்றவே இல்லை.

"மன்னிச்சுடு."

"கடைசிப் பக்கம் வச்சிருக்கியா? போட்டாச்சா?"

"இன்னும் போடல."

"இங்கயே போடு. எம் முன்னாடி."

போட்டான். அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பக்கத்தில் அவள் நின்றதில்லை. நீராவியில் நெற்றி முடி ஒட்டியிருந்தது தெரிந்தது. அவன் எழுத எழுத அவள் டிக் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிக் கணக்கு: ஓடுகிற பஸ்ஸுக்குள் தரையில் நூலால் கட்டிய ஹீலியம் பலூன், டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் பலூன் எந்தப் பக்கம் சாயும்? அவன் தயங்காமல் எழுதினான்: ஆட்களைப் போலவே முன்பக்கம்.

அவள் பேனா நின்றது.

"பின்பக்கம்" என்றாள் அவள்.

"பின்பக்கமா? எப்படி?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் யாரும் அவனை இப்படிப் பார்த்ததில்லை. வலது கண், இடது கண், உதடு என்று வரி வரியாகப் பார்த்தாள், தப்பைத் தேடுகிறவள் பார்க்கிற மாதிரி.

"இது நிஜமா, நடிப்பா?"

"நிஜமா தெரியல. சத்தியமா."

அவள் பேனாவை மூடினாள். தாளின் அடியில் 'தயார்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். அதை உறையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"பலூனை சார்கிட்ட கேட்டுக்கோ."

சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். மேலே கம்பி ஓடத் தொடங்கியது. கோட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றன. காற்றைவிட லேசான ஒன்று ஏன் எதிர்ப்பக்கம் போகிறது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் போலவும் இருந்தது.

பின்னால் யாரோ செருமினார்கள். கை நிறைய அழுக்குத் துணியோடு ஒரு பெண்மணி.

"தம்பி, நீங்க வரிசைல நிக்கிறீங்களா?"

"இல்லைங்க" என்று சொல்லி ஸ்கேல் தள்ளி நின்றான்.