செவ்வந்தியின் மறதி

ஏரியில் படகு கவிழ்ந்த அன்று, இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த செவ்வந்திதான் ஆழத்துக்கு நீந்திப்போய், படகிலிருந்து விழுந்த தோணிரேவு ஊர்க்காரி ரோசியை முடியைப் பிடித்து இழுத்து வந்தாள். கணவன் ரஞ்சித் கரையில்தான் கைகொடுத்தான். ஒரு வாரம் கழித்து, ரோசியைக் காப்பாற்றியதாகப் பழவேற்காட்டில் பொன்னாடை போர்த்தியது அவனுக்கு.

வீட்டுக்கு வந்ததும், "நான் இழுத்தத நீ சொல்லவே இல்லியே" என்றாள்.

"நீ எங்க இழுத்த? கரையில நின்னு அழுதுனு இருந்த" என்றான் சோற்றைப் பிசைந்தபடி.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. அடுப்பை அணைத்தேன் என்பாள்; இல்லை என்பான். சாவி வைத்த இடத்தில் இருக்காது. நாத்தனார் மனோரமா, "டாக்டராண்ட காட்டு அண்ணி" என்றாள். இவளுக்கு யார் சொன்னது? செவ்வந்தி தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அணைத்த அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தோணிரேவுக்குப் போனாள்.

"அன்னிக்கு உன்ன யாரு இழுத்தது?"

ரோசி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "நீதான்க்கா. உன் வீட்டுக்காரருதான் வந்து சொன்னாரு, உனக்குப் புத்தி கலங்கிட்சாம். நீ வந்து கேட்டா அவருதான்னு சொல்லணுமாம்."

"எப்ப வந்தாரு?"

"பொன்னாடைக்கு மொத நாளு."

செவ்வந்தி நாளை எண்ணிப் பார்த்தாள். அந்த நாள்வரை அவள் அவனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

பொன்னேரியில் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்தாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க ஞாபகம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அவருக்கு இன்னா நோயி?"

"அவரைப் பார்க்காம நான் சொல்லக்கூடாது. தன்மோகக் கோளாறுன்னு ஒண்ணு உண்டு. புகழ் இல்லாம அவங்களால இருக்க முடியாது. பக்கத்துல இருக்கிறவங்க வலி அவங்களுக்கு எட்டாது. உங்களுக்குத் தெரிஞ்சத யாருக்காகவும் மாத்திக்காதீங்க."

அடுத்த வாரம் மனோரமா வீட்டு விசேஷத்தில் ரஞ்சித் மறுபடி அந்தக் கதையை எடுத்தான். "இழுத்தது நானு. ரோசியக் கேளுங்க" என்றாள் செவ்வந்தி. அவன் முகம் வெளுத்தது. பிறகு எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா, சொன்னேன் இல்ல?"

ஒருவரும் ரோசியைக் கேட்கப் போகவில்லை. மறுநாள் செவ்வந்தி அனுப்பம்பட்டில் அக்கா வீட்டுக்குப் போனாள். ரஞ்சித் போனில் அழுதான், திட்டினான், மறுபடி அழுதான். அவன் பொய் சொல்கிறானா, தான் சொல்வதை நம்பியே சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் திரும்பிப் போகவில்லை.