போர்வைக்குள் ஒரு தனி ஆவர்த்தனம்

எனக்கு ஈசிஜி படிக்க வராது. ஜெயலக்ஷ்மி மேடத்தின் முகத்தைப் படிக்க நன்றாக வரும். நர்சிங் மூன்றாம் ஆண்டு வரை நான் வண்டி ஓட்டியதே அப்படித்தான். வகுப்பில் ஒரு தாளை நீட்டி, "இது என்ன ரிதம், ஐரின்?" என்று கேட்பார். "நார்மல்..." என்று இழுப்பேன். அவர் புருவம் ஏறினால், "...இல்ல மேடம்" என்று முடித்துவிடுவேன். போன மாதம் கண்டுபிடித்துவிட்டார்.

"ஈசிஜி என் மூஞ்சியிலயா ஓடுது? வார்டு டெஸ்ட்ல நான் உன் பின்னாடிதான் நிப்பேன். தப்பா சொன்னா கார்டியாக் வார்டு போஸ்டிங்கை மறந்துடு."

அந்த போஸ்டிங் எனக்கு வேண்டும். சாந்தோமில் எங்கள் வீட்டில் எல்லோரும் டீச்சர்கள். அடம்பிடித்து நர்சிங் வந்தவள் நான் ஒருத்திதான். வேறு எந்த வார்டிலும் மனம் ஒட்டவில்லை. அதனால் பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட மடியில் ஈசிஜி தாளை வைத்துக்கொண்டு கட்டம் எண்ணினேன். அம்மா தொடையில் கிள்ளியும் விடவில்லை.

டெஸ்ட் அன்று அடையாறு ஆஸ்பத்திரியில் எனக்கு வாய்த்தவர் சங்கரன் சார். மயிலாப்பூரில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். லேசான நெஞ்சுவலி என்று சேர்த்திருந்தார்கள். ஊசி குத்திய இடது கை மட்டும் வெளியே கிடந்தது. கழுத்துவரை போர்வை, காதில் இயர்போன், மூடிய கண்.

மேடம் என் பின்னால் வந்து நின்றதுதான் தாமதம், தலைமாட்டிலிருந்த ஈசிஜி மானிட்டர் அலறியது. திரையில் அகலமான அலைகள் மலை மலையாக ஓடின. இதயத்தின் கீழறை தறிகெட்டு ஓடினால் வரும் படம் அது. ஷாக் கொடுக்கும் அளவுக்கு ஆபத்து. என் கழுத்து தானாகப் பின்னால் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

அவருடைய இடது மணிக்கட்டைத் தொட்டேன். நாடி அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. மானிட்டர் துப்பிய தாளை இழுத்துப் பார்த்தேன். பெரிய அலைகளுக்கு நடுவே சின்னச் சின்ன முனைகள், நாடியின் அதே இடைவெளியில், தம் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. அவைதான் இதயம். அப்படியானால் அந்த மலைகள் எங்கிருந்து வருகின்றன? போர்வையைப் பார்த்தேன். வலது பக்கம் துள்ளிக்கொண்டிருந்தது.

"சார், கையைக் கொஞ்சம் நிறுத்துங்க."

போர்வை அடங்கியது. மலைகளும் அடங்கின.

சங்கரன் சார் இயர்போனைக் கழற்றினார். "கச்சேரியில மிருதங்கத் தனி ஆவர்த்தனம் வந்துடுத்தும்மா. கேட்டுண்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

"டாக்டர் வாசிக்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல, சார்?"

"மிருதங்கம் ஆத்துல இருக்கு. இது வெறும் தொடைதானே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "நார்மல் ரிதம், மேடம். மத்ததெல்லாம் கை பண்ண வேலை."

அதற்குப் பிறகுதான் திரும்பினேன். மேடத்தின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஷாக் மெஷின் வண்டியைப் பாதி தூரம் இழுத்து வந்திருந்தார். மெதுவாக அதை விட்டுவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நல்லவேளை, நீ என் மூஞ்சியப் பாக்கல. திங்கக்கிழமை கார்டியாக் வார்டுக்கு வந்துடு."