ஆயிரத்து இருநூறு அடி கௌரவம்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில், ஊர் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஒரு வளைவு நிற்கும். இரண்டு பக்கமும் யானைகள், நடுவில் பொன்னிற எழுத்தில் ‘ஸ்ரீ கங்கா கார்டன்’. உள்ளே கங்கையும் கிடையாது, கார்டனும் கிடையாது. பூங்காவுக்கென்று வரைபடத்தில் பச்சை அடித்து ஒதுக்கிய இடத்தில் துருப்பிடித்த போர்வெல் ரிக் குழாய்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பச்சையாக இருந்தது அவற்றின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் மட்டும்தான்.

மேட்டுக்காட்டை மனையாக்கி விற்ற இடம். மூன்றடி தோண்டினால் பாறை. மனை வாங்கியவர்களில் பாதிப் பேர் ரிக் வண்டி முதலாளிகள். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், அதற்கும் வடக்கே என்று போய்ப் போர் போட்டுச் சம்பாதித்தவர்கள். வேலைக்குப் போகும் வழியில் வண்டி எந்தெந்தப் பாலத்தைத் தாண்டியதோ, அந்தந்த நதியின் பெயரை வீதிக்கு வைத்துக்கொண்டார்கள். கங்கை வீதி, யமுனை வீதி, நர்மதை வீதி, கோதாவரி வீதி. காவிரிக்கு மட்டும் வீதி இல்லை. பக்கத்திலேயே ஓடுகிற நதிக்கு அவ்வளவு மரியாதை போதும் என்று நினைத்திருக்கலாம்.

நர்மதை வீதியின் கடைசியில் மலர்விழியின் வீடு. புருஷன் மதியழகன் ரிக் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறவன். மலர்விழி இட்லி மாவு அரைத்து நகர் முழுக்க விற்கிறாள். அந்த வீட்டில் நானூறு அடிக்கு ஒரே ஒரு போர். ரிக்காரர்கள் தண்ணீரை இஞ்சுக் கணக்கில்தான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் மலர்விழியின் போரில் ஒன்றரை இஞ்சு தண்ணீர், கோடையிலும் குறையாமல் வந்தது. அது நின்றால் மாவு நிற்கும், மாவு நின்றால் வீட்டுக் கடன் நிற்காது.

அடுத்த வீடு தமிழரசுவின் பங்களா. ராய்ப்பூரில் மூன்று ரிக் ஓடுகிறது. நகர் நலச் சங்கத் தலைவர். வாசலில் பளிங்கு நீரூற்று, மாடியில் குளியல் தொட்டி. மனைக்குள் நான்கு போர். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஆழம். கடைசியாகப் போட்டது ஆயிரத்து இருநூறு அடி. நான்கிலும் சேர்த்து இதுவரை கிடைத்தது கல் தூள். அவற்றின் வாய்களை மூடி மேலே குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் செழிப்பாக வளர்ந்தவை அந்தச் செடிகள்தான், ஏனென்றால் அவற்றுக்கு மலர்விழி வீட்டுத் தண்ணீர்.

தமிழரசுவின் மனைவி சௌந்திரம் தினமும் காலையில் கொல்லைக் கதவு வழியாகக் குடத்தோடு வருவாள். ஒரு நாள் வந்தவள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

“மலரு கண்ணு, நேத்து டேங்கர் வந்துச்சு பாரு, அதைய யாராச்சும் கேட்டா செடிக்குன்னு சொல்லிப்போடு.”

“போன வாரமும் செடிக்குன்னுதானுங்கக்கா சொன்னேன். அத்தனை தண்ணி ஊத்துனா தென்னந்தோப்பே ஆயிருக்குமேன்னு கேக்கறாங்க.”

“யாரு கேக்கறா?”

“கோதாவரி வீதி அக்காதானுங்க. அவங்களும் உங்களுக்கு முன்னாடியே வந்து நாலு கொடம் புடிச்சுட்டுப் போய்ட்டாங்க.”

“அவ ஊட்டுக்காரரு ரெண்டு இஞ்சு தண்ணின்னு மீட்டிங்குல சொன்னாரே!”

“உங்க ஊட்டுக்காரரு மூணுன்னு சொன்னாருங்களே!”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குடம் நிரம்பியது.

முந்தின நாள் நடந்த சங்கக் கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் பிரதான சாலை வரை வந்துவிட்டது. நகர்க்காரர்கள் வேண்டுமென்று தீர்மானம் போட்டுக் கொடுத்தால் உள்ளே இழுத்துத் தருவதாக அதிகாரி ஒருவர் வந்து சொன்னார். மலர்விழி எழுந்து, “நல்ல காரியமுங்க, போட்டுருலாம்” என்றாள். கூட்டத்தில் எழுந்த ஒரே குரல் அதுதான்.

தமிழரசு மோதிரங்களைத் திருகியபடி சிரித்தார். “ஏம்மா, காஷ்மீர்ல இருந்து கன்யாகுமரி வரைக்கும் தண்ணி எடுத்துக் குடுத்தது யாரு? நாம. நாம போயி டேப்பு வேணும்னு மனு குடுத்தா நாலு பேரு என்ன நெனைப்பான்? தொழிலு என்னத்துக்கு ஆகும்?”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கைகளில் பாதி அன்று காலை மலர்விழி வீட்டுக் குழாயில் குடம் பிடித்த வீடுகளைச் சேர்ந்தவை. அதிகாரி காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். காப்பிக்கும் மலர்விழி வீட்டுத் தண்ணீர்தான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். தமிழரசுவின் மகள் கிருத்திகாவுக்கு நாமக்கல் சாலைப் பக்கமிருந்து வரன் வந்ததுதான் வினை. மாப்பிள்ளையின் அப்பா சின்னண்ணனும் ரிக் முதலாளி, ஐந்து வண்டி. பெண் பார்க்க வருகிற ரிக் வீட்டுக்காரர்கள் காப்பி குடித்ததும் முதலில் கேட்பது, “தண்ணி எத்தனை இஞ்சு?” என்றுதான். தமிழரசு முடிவெடுத்தார். அவர்கள் வருகிற நாளிலேயே, அவர்கள் கண்ணெதிரிலேயே, ஐந்தாவது போர்.

“ஏனுங்கப்பா, வாரவங்க என்னையப் பாக்க வாராங்களா, போரைப் பாக்க வாராங்களா?” என்று பெங்களூரிலிருந்து வந்த கிருத்திகா கேட்டாள்.

“ரெண்டையுந்தான் சாமி. ரெண்டும் நல்லா இருக்கோணும்” என்றார் அப்பா.

நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். தேங்காய் எங்கும் அசையவில்லை. கடைசியில் மலர்விழி வீட்டு மதிலை ஒட்டிய மூலையில் சட்டென்று நிமிர்ந்து நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் நாலடியில் மலர்விழியின் போர். அங்கே நிமிராமல் தேங்காய் வேறு எங்கே நிமிரும்?

மலர்விழி மதில் ஓரமாகவே போய் நின்றாள், பின்னால் மதியழகனும்.

“அண்ணா, இங்க போட்டீங்கன்னா என்ற போரு போயிருமுங்க. பூமிக்குள்ள ஒரே வெடிப்புங்க, ஒரே தண்ணி.”

“கண்ணு, எனக்கே போரு சொல்லித் தர்றயா? நான் ஆயிரத்து ஐநூறு அடி போறவன். உன்றது நானூறு. நீ மேல இருக்கற தண்ணியக் குடி, நான் கீழ இருக்கறதக் குடிக்கறேன்.”

“மேல இருக்கறதைத் தாண்டித்தானுங்களே கீழ போகோணும்?”

“என்ற எடத்துல நான் போடறேன். மதியழகா, உன்ற ஊட்டுக்காரிக்கு எடுத்துச் சொல்லப்பா.”

மதியழகன் தன் முதலாளியும் தமிழரசுவும் மாலை போட்டு ஒரே காரில் மலைக்குப் போகிறவர்கள் என்பதை நினைத்துக்கொண்டான். வீட்டுக்குள் வந்து, “அண்ணன் பாத்துக்குவாரு” என்றான்.

“எதைய?” என்றாள் மலர்விழி. அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

உள்ளூரில் ரிக் வண்டிகள் வரிசையாகச் சும்மா நின்றன. ஆனால் அடுத்தவன் வண்டியில் தன் வீட்டுக்குப் போர் போட்டால் மானம் போய்விடுமே. ராய்ப்பூரிலிருந்து தமிழரசுவின் சொந்த வண்டியே மூன்று மாநிலம் தாண்டி வந்தது. வாழை கட்டினார்கள், பந்தல் போட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சை, துளையிடும் இடத்தில் அருகம்புல், பிள்ளையார். சின்னண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பந்தலில், மதிலை ஒட்டிய முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி. மரியாதைக்குரிய இடம்.

எந்திரம் உறுமியது. பேச்சு நின்றது. கொடியில் காய்ந்த துணிகளெல்லாம் வெள்ளைத் தூள் பூசிக்கொண்டன. கிருத்திகா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். சத்தத்தில் யாருக்கும் அவளிடம் எதுவும் கேட்க முடியவில்லை. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. சின்னண்ணனின் கண் குழாய்களின் மேல்தான். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

மலர்விழி தன் வீட்டுக் கொல்லையில் போர் மூடியையே பார்த்தபடி நின்றாள். மூடி மெல்ல ஆடியது. உள்ளே யாரோ பெருமூச்சு விடுவதுபோல் காற்று சீறியது.

“ஏனுங்க, வெளிய வாங்க!” என்று அவள் மதியழகனைக் கூப்பிடுவதற்குள் மூடி பறந்தது. ரிக் எந்திரம் பாறை வெடிப்புக்குள் அடித்த காற்று, போக வழி தேடி, அவளுடைய போர் வழியாக வந்துவிட்டது. சேறும் தண்ணீருமாகத் தென்னை உயரத்துக்கு எழும்பி, மதிலைத் தாண்டி, முதல் வரிசையில் மரியாதையாக இறங்கியது.

“தண்ணி! தண்ணி!” என்று தமிழரசு துள்ளினார். “அஞ்சு இஞ்சு! கொறையாது! டேய், தேங்காய ஒடைங்கடா!”

தேங்காய் உடைந்தது. யாரோ விசில் அடித்தார்கள். சின்னண்ணன் மட்டும் அசையவில்லை. தலையிலிருந்து கால் வரை சாம்பல் நிறச் சேறு. கண்களை மட்டும் துடைத்துக்கொண்டு எந்திரத்தையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வண்டிய நிறுத்தச் சொல்லுங்க சம்மந்தி.”

நிறுத்தினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நீரூற்றும் நின்றது.

“இப்ப ஓட்டச் சொல்லுங்க.”

ஓட்டினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் மறுபடி எழும்பியது. முதல் வரிசைக்கு இரண்டாம் சுற்று கிடைத்தது. தமிழரசுவின் துளையிலிருந்து வந்ததோ வெறும் தூள்.

“சம்மந்தி,” என்றார் சின்னண்ணன் நிதானமாக, “இது உங்க தண்ணி இல்லீங்க. பக்கத்து ஊட்டம்மா தண்ணி.”

மலர்விழி பந்தலுக்குள் வந்தாள். அவளும் சேறுதான். “என்ற போருக்குள்ள கல்லுத்தூளு எறங்கிருச்சுங்கண்ணா. மோட்டாரு சிக்கிக்கிச்சு. நாளைக்கு மாவுக்கு நான் எங்கிங்க போவேன்?”

தமிழரசு மோதிரத்தைத் திருகினார். “பேசிக்கலாம் கண்ணு. விருந்தாளிங்க இருக்கறப்ப...”

“விருந்தாளி மொகத்தைக் கழுவோணுமுங்க” என்றார் சின்னண்ணன். “கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?”

வாசல் நீரூற்றில் பளிங்குப் பெண் சிலை காலிக் குடத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மாடிக் குளியல் தொட்டியில் பழைய செய்தித்தாள். எல்லோரும் தமிழரசுவைப் பார்த்தார்கள். தமிழரசு சௌந்திரத்தைப் பார்த்தார்.

சௌந்திரத்துக்கு என்ன வந்ததோ. “இல்லீங்க” என்றாள் உரக்க. “இந்த ஊட்டுல குடி வந்த நாள்ல இருந்து சொந்தத் தண்ணி ஒரு சொட்டுக் கெடையாதுங்க. இந்தப் புள்ள ஊட்டுலதான் புடிச்சோம். இப்ப அதையும் ஒடைச்சாச்சு. நான் மட்டுமில்லீங்க, இதா நிக்கறாங்களே, இவங்க, அவங்க, அத்தனை பேரும்.”

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

தமிழரசுவின் முகம் அவருடைய போர்களைப் போல் வறண்டது. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தார். சின்னண்ணன் துண்டால் காதைத் துடைத்தபடி நாற்காலியை மதிலிலிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“எதுக்குங்க இத்தனை பாடு? எங்க ஊட்டுல ஏழு போரு. ஏழும் புட்டுக்கிச்சு. ரெண்டு வருசமாக் காவிரித் தண்ணிதானுங்க. டேப்பு.”

“டேப்புங்களா?” தமிழரசு மோதிரத்திலிருந்து கையை எடுத்தார். “நீங்களுங்களா?”

“கார் செட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கறனுங்க. வெளிய தெரியாது.”

அடுத்த ஐந்து நிமிடத்தில் கங்கா கார்டனின் வரலாறு மாறியது. ஐந்து ரிக் வைத்திருப்பவர் வீட்டிலேயே குழாய் என்றால், குழாய் இல்லாத வீடு என்ன வீடு? சேறு காய்வதற்குள் சங்கத் தீர்மானம் எழுதப்பட்டது. முன்மொழிந்தவர் தலைவர் தமிழரசு. மலர்விழி அன்று கூட்டத்தில் சொன்ன அதே வார்த்தைகளை அவர் தன் தொலைநோக்குத் திட்டம் என்று அறிவித்தார். கை தட்டினார்கள்.

மலர்விழி தட்டவில்லை. “தீர்மானம் செரிங்கண்ணா. கொழாய் வர்ற வரைக்கும்?”

“டேங்கர் அனுப்பறேன் கண்ணு. கொல்லைப் பக்கமா.”

“வேண்டாமுங்க. காலையில, முன் வாசல்ல நிக்கோணும். உங்க செலவுல.”

சின்னண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழரசு தலையை ஆட்டினார்.

டேங்கர் தினமும் வந்து முன் வாசலில் நின்றது. மாவு நிற்கவில்லை. கிருத்திகா, மாப்பிள்ளையோடு தனியாகப் பேசி, ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்துகொண்டு பெங்களூருக்குப் போனாள். ஐந்தாவது குரோட்டன்ஸ் தொட்டி மதிலோரம் வந்து சேர்ந்தது.

குழாய் வந்தது. வளைவில் ‘காவிரி தந்த தலைவர்’ என்று தமிழரசுவின் படம் போட்ட தட்டி கட்டினார்கள். முதல் நாள் மலர்விழியின் குழாயில் தண்ணீர் குதித்தது. இரண்டாம் முறை மெல்ல நடந்து வந்தது. மூன்றாம் முறை நூல் போல் இறங்கி, வாளியின் அடியை நனைப்பதற்குள் நின்றுபோனது. மதிலுக்கு அந்தப் பக்கம் ‘உய்ங்ங்’ என்று ஒரு சத்தம்.

அவள் மதில் மேல் எட்டிப் பார்த்தாள். தமிழரசு காவிரிக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார். பூமியிலிருந்து எடுத்துப் பழகியவருக்கு, தானாக வருகிற தண்ணீர் போதுமா?

“அக்கா!” என்று கூப்பிட்டாள் மலர்விழி.

சௌந்திரம் வந்து மோட்டாரைப் பார்த்தாள், மலர்விழியின் காலி வாளியைப் பார்த்தாள். நேரே உள்ளே போனாள். மோட்டார் சத்தம் பட்டென்று நின்றது. திரும்பி வந்தவள் மதிலுக்கு மேலே கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு பீஸ் கட்டை.

“இதைய உன்ற மாவு டின்னுக்குள்ள போட்டு வெச்சுக்க.”

“அண்ணன் தேட மாட்டாருங்களா?”

“தேடட்டும். இருவது வருசமா ரிக்கு ஓட்டறாரு, ஊட்டுல பீஸ் கட்டை எங்க இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது. வயர்மேனைத்தான் கூப்புடுவாரு. அவன் வாரதுக்குள்ள நீ கொடத்தை ரொப்பு.”

உள்ளேயிருந்து தமிழரசுவின் குரல் கேட்டது. “சௌந்திரம், ஈபிக்காரன் கரண்டைப் புடுங்கிட்டானா?”

“ஆமாங்க” என்றாள் சௌந்திரம்.

மலர்விழியின் குழாயில் தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்தது. அவள் அரிசியைக் களையப் போனாள்.