மருமகள் முன்னால் சொல்லாத மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு வாய் மூடாது. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். நாற்காலியில் உட்காருகிறவரின் பெண் கல்யாணம், பையன் வேலை, மாடி வீட்டு வாடகைத் தகராறு என்று எல்லாவற்றுக்கும் கத்தரியை ஆட்டியபடியே தீர்ப்புச் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊமை. அது அவருடைய புராஸ்டேட்.

சுரப்பி வீங்கி, நீர் சரியாகப் பிரியாமல், தூக்கமில்லாமல் அல்லாடிவிட்டு, போன வருடம் ஒருவழியாக டாக்டரிடம் போனார். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. நன்றாகத்தான் கேட்டது. ஆனால் மருந்துக் கடையில் அதைக் கேட்டு வாங்க ஐயாவுக்கு வெட்கம். நான்தான் போகவேண்டும். மருந்துக் கடைப் பெண் முதல் தடவையே என்னை நிறுத்திச் சொன்னாள்.

"அம்மா, இதைச் சாப்பிட்டா எந்திரிக்கும்போது தலை சுத்தலாம். மெதுவா எந்திரிக்கச் சொல்லுங்க. அப்புறம், கண் ஆபரேஷன் ஏதாவது வந்தா, இதைச் சாப்பிடறார்னு அந்த டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். "மெதுவா பேசு, மருமக காதுல விழப்போகுது" என்றார். அதுதான் அவர் கவலை.

கண் ஆபரேஷனும் வந்து சேர்ந்தது. அவருக்கு இருப்பதே ஒரு கண். இடது கண் சின்ன வயதில் கல் பட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்து, ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் காது மடலைக் கீறிவிட்டார். சின்னக் கீறல்தான், அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் இவர் அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கத்தரி பிடிக்காத கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் அன்று மருமகள் லீவு போட்டு எங்களைக் காரில் கூட்டிப்போனாள். நல்ல பெண். மாமனார் என்றால் அவளுக்கு உயிர். காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, எல்லோரையும் உட்காரவைத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சுகர் இருக்கா?"

"இல்லம்மா."

"பிரஷர்?"

"இல்ல."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"எந்த மாத்திரையும் இல்ல. இரும்பு மாதிரி இருக்கேன்."

"மாமா ஒரு தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டார்" என்று மருமகள் பெருமையாக எடுத்துக்கொடுத்தாள். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். என் கையை அழுத்திப் பிடித்தார். நர்ஸ் நகர்ந்ததும் காதருகே குனிந்தேன்.

"ஏங்க, புத்தி இருக்கா உங்களுக்கு?"

"நாலைஞ்சு நாளா நிறுத்திட்டேன். நிறுத்தினப்புறம் அதை எதுக்குச் சொல்லணும்? நீ சும்மா இரு."

காலையிலிருந்து பாத்ரூமுக்கும் ஹாலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாரே, அதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. பயத்தில் போகிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் இந்த மனுஷர் கூனிக்குறுகிப் போவார். திறக்காவிட்டால் அவருடைய ஒரே கண்ணை என்ன செய்வேன்? அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. அவரை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள் நர்ஸ். கதவு திறந்தது.

"நில்லும்மா!" என்று எழுந்து கத்திவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. "அவர் புராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடறார். ஒரு வருஷமா. நாலைஞ்சு நாளா அவரா நிறுத்தியிருக்கார். டாக்டருக்குத் தெரியாம கண்ணுல கை வைக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் நாற்காலியை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். தலையில் பச்சைத் தொப்பியோடு டாக்டர் வெளியே வந்து, அவர் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, கண்ணோட பாப்பாவைச் சுத்தி ஒரு திரை இருக்கு. இந்த மாத்திரை அதைத் துவள வெச்சிடும். ஆபரேஷன் நடுவுல பாப்பா சுருங்கும், திரை வந்து கருவியில மாட்டும். மாத்திரையை நிறுத்தினாலும் அது சரியாகாது. முன்னாடியே தெரிஞ்சா மருந்து விட்டு, சின்னக் கொக்கி போட்டுப் பிடிச்சு நிறுத்தி, பத்திரமா முடிச்சிடலாம். தெரியாம உள்ள போயிருந்தா..."

அவர் முடிக்கவில்லை. என் வீட்டுக்காரரின் இடது கண்ணைப் பார்த்தார்.

"உங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதானே?"

இவர் தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணு. அதை இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது. நீர் மொத்தமா அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? திரும்ப எப்படி ஆரம்பிக்கறதுன்னு எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்க."

அவருடைய முறையைக் கடைசிக்கு மாற்றினார்கள். மாத்திரை எழுதிய டாக்டரின் நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டு மருமகள் போனோடு நகர்ந்தாள்.

"மானத்தை வாங்கிட்டியே" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"வாங்கினேன். உங்க கண்ணுக்காக இன்னும் பத்து தடவை வாங்குவேன்" என்றேன். அத்தனை பேருக்கு நடுவே புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

உள்ளே போனவர் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. டாக்டர்தான் முதலில் வந்தார். "சொன்ன மாதிரியே துவண்டுது. தயாரா இருந்தோம், சமாளிச்சாச்சு" என்றார். கட்டு அவிழ்த்தால்தான் பார்வை எப்படி என்று தெரியும் என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி, எழுதிக்கொடுத்த டாக்டர் போனில் சொன்னபடி, மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை நான் அடுப்படியில் கைவேலையாக இருந்தபோது அவர் குரல் கேட்டது. நான் வருவதற்குள் மருமகள் அவரிடம் போய்விட்டாள்.

"என்ன மாமா வேணும்?"

கண்ணில் கட்டு, எதிரில் இருட்டு, பாவம், என்ன செய்வார்!

"பாத்ரூம் போகணும்மா" என்றார்.

"சரி மாமா, உடனே எந்திரிக்காதீங்க. முதல்ல காலைக் கீழ தொங்கப் போட்டு உட்காருங்க. தலை சுத்துதா? இல்லையே? இப்ப என் கையைப் பிடிச்சுக்குங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கரண்டியோடு கதவோரம் நின்று, இரண்டு பேரும் மெல்ல மெல்ல நடந்து போவதைப் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம், கட்டை அவிழ்த்தார்கள். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தவர், டாக்டரின் காதோரத்தைக் காட்டி, "வலது கிருதா ஒரு நூல் இறங்கியிருக்கு சார், யார் வெட்டினது?" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வெளியே அன்றைய வரிசை உட்கார்ந்திருந்தது. வயசானவர் ஒருவர், பக்கத்தில் அவர் மகள். "வேற மாத்திரை ஏதாவது?" என்று கேட்டாள் நர்ஸ். "ஒண்ணும் இல்ல" என்றார் அவர் அவசரமாக. நர்ஸ் அடுத்தவரிடம் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். "வாங்க போகலாம்" என்று இழுத்தேன், வரவில்லை. அந்த மனிதரின் காதருகே குனிந்து, கடையில் ஊர் ரகசியம் பேசுவாரே, அந்தக் குரலில் கேட்டார்.

"சார், ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளை ஒரு பார்வை பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, "சிஸ்டர், இங்க கொஞ்சம் வாங்கம்மா" என்று கூப்பிட்டார்.