குள்ளம்மாளோட அரக்கு ஜாக்கெட்

கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தையல்கடை வச்சிருக்கற கோகிலவாணிக்கு "முடியாது"ங்கற வார்த்தை மட்டும் வாயில வரவே வராது. ஜாக்கெட்டா, குடுங்க. பள்ளிக்கூட யூனிஃபார்மா, வச்சுட்டுப் போங்க. ஒயர் கூடை பின்னணுமா, பட்டுச்சேலைக்குக் குஞ்சம் கட்டணுமா, வத்தல்மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் போடணுமா, எல்லாத்துக்கும் தலைய ஆட்டிடுவா. மெஷின்ல ஒரு கை இருக்கும், மடியில பாதி ஸ்வெட்டர் இருக்கும், காலடியில அடிப்பாகம் மட்டும் பின்னுன கூடை மூணு கெடக்கும். ஒண்ணாவது முடிஞ்சுதான்னு கேக்கப் போறீங்களா? அதை மட்டும் கேக்காதீங்க.

ஆனா சாமர்த்தியக்காரி. துணி வந்த அன்னைக்கே வெட்டிப் போட்டுடுவா. வெட்டுன துணிய எந்த மகராசி வேற டெய்லர்கிட்ட தூக்கிட்டுப் போவா? அப்புறம் எவ வாசல்ல நின்னு சத்தம் போடறாளோ, அவளோடது அன்னைக்கு முடியும். சத்தம் போடத் தெரியாதவங்க துணி அடியில அடியில போயிக்கிட்டே இருக்கும்.

குள்ளம்மாளுக்குச் சத்தம் போடத் தெரியாது. மொரப்பூர் பக்கத்துல ஊரு. ஆடி மாசம் அரக்குக் கலர் ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொண்டாந்து குடுத்தா. மக அன்பரசிக்குக் கார்த்திகையில கல்யாணம். "எங்கண்ணன் எடுத்துக் குடுத்த பட்டு கண்ணு. பொண்ணத் தாரை வாத்துக் குடுக்கறப்ப பொறந்த வூட்டுச் சேலையத்தான் கட்டணும்னு ஆசை"ன்னா.

ஆவணியில வந்தா. புரட்டாசியில ரெண்டு தடவை வந்தா. ஐப்பசியில வந்தப்ப பெஞ்சில உக்காந்து ரொம்ப நேரம் மூச்சு வாங்கிட்டுப் போனா. "ஆச்சா கண்ணு?" "அடுத்த வாரம்க்கா." "சரி கண்ணு, உனக்கும் வேலை ஜாஸ்தி." அவ்வளவுதான் பேச்சு. கோகிலவாணி மெஷினை விட்டுத் தலைய நிமிர்த்தவே இல்ல. தெருவுல போற பொம்பளையப் பாத்தே சுத்தளவு முப்பத்தாறுன்னு சொல்லிடற கண்ணு அது. அந்தக் கண்ணு அப்ப எங்க போச்சுன்னு கேக்கறேன்.

கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கறப்ப அன்பரசி மட்டும் வந்தா. மொகத்துல கல்யாணக் களையே இல்ல.

"அம்மா வரலயா?"

"அம்மா எந்திரிக்கறதே இல்லீங்க அக்கா. வயித்துல கட்டியாம். முத்திப் போச்சு, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அம்மாகிட்ட வெறும் அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். ஜாக்கெட் ஆச்சான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."

கோகிலவாணி மெஷினை விட்டு எந்திரிச்சா. அடியில இருந்து துணிய இழுத்தா. வெட்டுன துண்டுங்க சுருட்டி வச்சபடி கெடந்துச்சு. தச்சு, கொக்கி கட்டி முடிக்க ஒன்னரை மணி நேரம். அடிப்பாவி, நாலு மாசம் இழுத்த வேலை ஒன்னரை மணி நேரம்! வெளிய ஒருத்தி யூனிஃபார்முக்குக் கத்திக்கிட்டு நின்னா. "நாளைக்கு வாங்க"ன்னு ஷட்டரை இழுத்து விட்டுட்டு அன்பரசியோட பஸ் ஏறுனா.

வூட்டு முன்னால பந்தக்கால் நட்டிருந்துச்சு. உள்ள கட்டில்ல குள்ளம்மாள். அன்பரசி தூக்கிப் புடிக்க, கோகிலவாணி ஜாக்கெட்டைப் போட்டுவிட்டா. அளவு ஆடி மாசத்து அளவு. அந்த ஒடம்பு இப்ப இல்ல. ஜாக்கெட்டுக்குள்ள இன்னொரு ஆளு போகலாம் போல தொங்குச்சு. பக்கத்துக்கு மூணு அங்குலம் புடிக்கணும்னு கோகிலவாணி கண்ணாலயே அளந்தா. மன்னிச்சுடுக்கான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எதுக்குன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?

"கொஞ்சம் லூசா இருக்குதுக்கா. இங்கயே புடிச்சுடறேன்."

கழட்டி வாங்கிக் கட்டிலோரம் உக்காந்து கையாலயே தச்சா. குள்ளம்மாள் ஜாக்கெட் கைய எட்டித் தடவிப் பாத்தா. மொகத்துல அத்தனை சந்தோஷம்.

"அழகாத் தச்சிருக்க கண்ணு. ஒண்ணு மட்டும் செய்யி, புடிச்ச துணிய வெட்டிப்புடாத. கல்யாண வேலையெல்லாம் ஓயட்டும், நாலு நாள் நல்லாச் சாப்பிட்டா ஒடம்பு தேறிடும். அப்ப பிரிச்சு விட்டுக்கலாம்."

அன்பரசி எந்திரிச்சு வெளிய போயிட்டா.

"வெட்டலக்கா"ன்னா கோகிலவாணி. "மூணு அங்குலமும் உள்ளயே இருக்குது."