மாடிக்கு அனுமதி

அனுமதி வந்த அன்று காலையில்தான் காயத்ரி வாந்தி எடுத்தாள். போனில் வந்த சேதியை என் வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். என் காது முழுக்க குளியலறைப் பக்கமே இருந்தது. வெளியே வந்த மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாள் தள்ளிப் போயிருக்கு அத்த," என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோனது. அதிலிருந்து அவள் எதற்கும் முந்திக்கொண்டு சந்தோஷப்படுவதில்லை.

எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கடம்பத்தூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். என் மகன் ரகு கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கினால், நாங்கள் மூன்று பேரும் சமையல்கட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்போம். சின்னஞ்சிறுசுகள் எத்தனை நாள் தாங்கும்? "மாடியில ரூம் வரலன்னா நாங்க அங்கயே வாடகைக்குப் போயிட்றோம்மா," என்று ரகு சொல்லிவிட்டான். இருப்பது ஒரே பிள்ளை.

மாடி எழுப்பலாம் என்றதுமே கொத்தனார் குப்புராஜ் மறுநாளே செங்கல் இறக்கத் தயாராக இருந்தார். நான்தான் விடவில்லை. பின்தெருவில் ஒரு வீடு அனுமதி வாங்காமல் கட்டப் போய், பாதியில் நின்று, கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. முதலில் மாமனார் பேரில் இருந்த பட்டாவை மாற்றினோம். பிறகு இன்ஜினியர் போட்ட வரைபடத்தில் மாடிப்படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால் திரும்ப வரையச் சொன்னார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மூலையே பளபளப்பாகிவிட்டது என்று இவர் கேலி செய்வார். செய்யட்டும். நாளைக்கு எவனும் வந்து நிறுத்து என்று சொல்லக் கூடாது என்பதுதான் எனக்கு.

இப்போது நிறுத்தச் சொல்ல வெளியாள் தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்க மாட்டார்கள், வாசக்கால் வைக்க மாட்டார்கள். முன்பே தொடங்கிய வேலையென்றால் பாதகமில்லை, நடக்கலாம். புதிதாகக் கை வைக்கத்தான் கூடாது. நீ இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று கலைந்துபோன வீட்டில் நம்பாமல் இருக்கத் தைரியம் வரவில்லை.

"ஊர்ல எல்லாரும் கட்டி முடிச்சிட்டுதான் பேப்பருக்கு அலையறான். இவ ஒருத்தி சட்டம் பேசிக்கினு கெடந்தா. இந்நேரம் பெயின்டே அடிச்சிருக்கலாம்," என்றார் இவர்.

"கொஞ்சம் வாய மூடிக்கினு இருங்க," என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அவர் சொன்னதில் தப்பில்லை என்பது எனக்கே உறைத்தது. ஒழுங்காகச் செய்யப் போய்ப் பிள்ளையை நானே வெளியே அனுப்புகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ரகு கும்மிடிப்பூண்டியில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் குப்புராஜ் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை இடிக்க ஆளோடு வந்து நின்றார். அவரிடம் முன்கூட்டியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேல இப்ப வேணாம் குப்புராஜ். புள்ள பொறக்கட்டும்," என்றேன்.

ஹாலில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காயத்ரி நிமிர்ந்தாள். "வேல எப்பவோ ஆரம்பிச்சிடுச்சு அத்த."

"இன்னாடி சொல்ற?"

"பட்டா மாத்த வெயில்ல போய் நின்னீங்களே, அன்னிக்கே ஆரம்பிச்சிடுச்சு. அப்ப நான் முழுகாம இல்லியே."

"அது பேப்பர் வேலடி."

"அதுக்குத்தான இத்தினி மாசம் ஆச்சு? அது வேல இல்லாம இன்னா?" அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "போன வாட்டி இந்த ஊட்ல எந்தச் சொவத்த இடிச்சோம் அத்த?"

இந்தக் கேள்வியை அவள் எத்தனை நாளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"எனக்கும் பயமாத்தான் கீது," என்றாள். "ஆனா அங்க தனியா ஒக்காந்துக்கினு பயப்பட முடியாது. இங்கயே பயப்பட்டுக்கறேன்."

குப்புராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா என்று இப்போதும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் மாடி ஏறிப் போனார்.

முதல் சம்மட்டி அடி விழுந்தபோது வீடே அதிர்ந்தது. மேலேயிருந்து பூச்சு உதிர்ந்தது. காயத்ரி இடது கையால் தட்டை மூடிக்கொண்டு, விரல்களுக்கு அடியிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். அடுத்த அடி விழுவதற்குள் நான் ஓடிப்போய்ச் சமையல்கட்டிலிருந்து முறத்தை எடுத்துவந்து, அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.