பதினெட்டுப் பொட்டலம்

பதினெட்டுப் பொட்டலங்களைக் காணவில்லை. தமிழ்செல்வன் சாப்பாட்டு மூட்டையைப் பாறை மேல் கவிழ்த்து மூன்று தரம் எண்ணிவிட்டான். மலையேறி இரண்டாம் நாள் காலை அது. அன்றையும் சேர்த்து இன்னும் மூன்று நாள் நடை பாக்கி இருந்தது. ஆறு பேர் வயிற்றுக்கும் அவன்தான் பொறுப்பு.

2003 பொங்கல் லீவில் ஜவ்வாது மலையில் நான்கு நாள் நடப்பது என்று கிளப்பிவிட்டவன் குமரேசன். ஆரணியில் முப்பது பட்டுத் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளை. தமிழ்செல்வன் ஊருக்கு வெளியே காலனியில் பிறந்து, இப்போது தபாலாபீசில் கிளார்க்காக இருப்பவன். இரண்டு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மற்ற நான்கு பேரும் குமரேசனின் தெருக்காரர்கள். "சாப்பாட்டு டிபார்ட்மென்ட் உன்னுதுடா செல்வம். உனக்குத்தான் எதையும் ஒழுங்கா செய்ய வரும்" என்று குமரேசன் சொன்னபோது அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது உண்மை.

ஒழுங்காகத்தான் செய்தான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்ததை வேளை வேளையாகப் பிரித்தான். பட்டுப்புடவை போடுகிற கனமான பிளாஸ்டிக் கவரை அளவாக வெட்டி, ஆக்ஸா பிளேடின் மேல் மடித்து, மெழுகுவத்திச் சுடரில் ஓட்டி, காற்றுப் புகாமல் ஒட்டினான். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எந்த நாள், எந்த வேளை, யார் வீடு என்று எழுதினான். ஏதாவது கெட்டுப்போனால் எந்த வீட்டுச் சரக்கு என்று தெரிய வேண்டும் அல்லவா? குமரேசனின் அம்மா சின்னம்மாளுக்கு 'சி'. தன் அம்மா ராஜம்மாளுக்கு 'ரா'. மூளைக்காரன்தான்.

காணாமல் போன பதினெட்டும் 'ரா'. வேறு எந்த வீட்டிலும் ஒன்றுகூடக் குறையவில்லை. வேர்க்கடலை உருண்டை, வெல்லம் போட்ட கேழ்வரகு மாவு, எண்ணெய் மிதக்கிற புளிக்காய்ச்சல். ராஜம்மாள் நான்கு நாள் கூலிக்குப் போகாமல், பிள்ளையின் சிநேகிதர்கள் சாப்பிடப்போகிறார்கள் என்று அடுப்படியில் வெந்து செய்தது. அவனே எழுதிக்கொடுத்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

"ஜெயவேலு, நேத்து சந்தவாசல்ல மூட்டைய நீதான வெச்சிகினு இருந்த?"

ஜெயவேல் புடவைக் கடைக்காரன். ஷூ லேஸிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னான். "வெயிட்டு ஜாஸ்தியா இருந்துச்சுப்பா. கொஞ்சம் கொறச்சேன்."

"எங்க கொறச்ச?"

"டீக்கடையாண்ட வெச்சிட்டேன். யாராவது துன்னுகினு போவாங்க."

வெயிட்டாம்! ஒரு பொட்டலம் கால் கிலோ. கூட வந்த மணவாளன் முதுகில் மூன்று கிலோ டேப் ரெக்கார்டர் பேட்டரியோடு மலை ஏறி வந்திருக்கிறது. ஜெயவேல் பையில் இரண்டு ஜோடி செருப்பு. அதெல்லாம் கனக்கவில்லை, கடலை உருண்டை கனத்துவிட்டது. தமிழ்செல்வன் மிச்சப் பொட்டலங்களை மூட்டையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அந்தப் பதினெட்டு மட்டும் ஏன்னு யாராவது வாயத் தொறந்து சொல்லுங்க. சொன்னா அவுக்கறேன். அதுவரிக்கும் ஒருத்தனுக்கும் ஒரு பருக்கை கெடையாது."

எல்லோரும் குமரேசனைப் பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்து தோளில் கை போட்டான். "டேய், மலை மேல வந்து இன்னாத்துக்குடா பேஜார் பண்ற? இருக்கிறத வெச்சி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். எந்திரி, ஜல்தி கிளம்புனாத்தான் ஆச்சு."

"நீ சொல்லேன். ஏன்?"

குமரேசன் கையை எடுத்துக்கொண்டான்.

வெயில் ஏறியது. ஒருவன் பீடி பிடித்தான், ஒருவன் தண்ணீராகக் குடித்து வயிற்றை நிரப்பினான். மணவாளன் டேப்பைப் போட்டு, யாரும் கேட்காததால் தானே நிறுத்தினான். ஐந்து பேருக்கும் காரணம் தெரியும். சொல்ல மட்டும் வாய் வரவில்லை. மனசில் வைத்துக்கொண்டால் பழக்கவழக்கம், வாயால் சொன்னால் அசிங்கம் என்று அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் தமிழ்செல்வன் விடவில்லை. பதினெட்டுப் பொட்டலம் போனது போகட்டும். பதினைந்து வருஷமாகத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த வார்த்தையை ஒருவனாவது முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும்.

மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்து தொலைத்தது. குமரேசன் எத்தனையோ தடவை அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். ராஜம்மாள் டீ போடப் போனால், "வாணாம்மா, வெயிலா கீது, கலர் வாங்கியாரச் சொல்லுங்க" என்பான். மார்கழிக் குளிரிலும் அவனுக்கு வெயில்தான். மூடி போட்டு வருகிற கலர் பாட்டிலை வாங்க, தமிழ்செல்வன் ஒவ்வொரு முறையும் சைக்கிளில் ஓடியிருக்கிறான். சிநேகிதனுக்குக் கலர் என்றால் உயிர் என்று வீட்டில் பெருமை வேறு. இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பகல் ஒரு மணிக்குக் குமரேசனுக்குப் பொறுமை போய்விட்டது. பசி வந்தால் நாகரிகம் எத்தனை நேரம் நிற்கும்?

"நான்தான்டா எடுத்து வெக்கச் சொன்னேன். போதுமா? ஜெயவேலுவ ஏன் மொறைக்கிற? காலனி வீட்டுச் சோறு நாங்க துன்றதில்ல. இதக் கேக்கத்தான இவ்ளோ நேரம் உக்காந்துகினு இருந்த?"

தமிழ்செல்வன் மூட்டை மேலிருந்து எழவில்லை.

"உன் வீட்டுக்கு நான் வரல? உன் தோள் மேல கை போடல? துன்றது வேறடா. வீட்ல தெரிஞ்சா எங்கம்மா என்னை உள்ளயே சேக்க மாட்டாங்க. நீ கட்டுன பொட்டலம்னா எனக்கு ஒண்ணும் இல்ல. உங்கம்மா கையால செஞ்சதுன்னா மனசு ஒப்பல. அவ்ளோதான்."

மகன் கை ஆகும், தாய் கை ஆகாது. இந்தச் சட்டத்தை எந்தப் புத்தகத்தில் படித்தானோ! ஆனால் சொன்ன சொல் சொல்தான். தமிழ்செல்வன் எழுந்து மூட்டையை அவிழ்த்தான். 'இரண்டாம் நாள், பகல், சி' என்று எழுதியிருந்த இரண்டு ரவைப் பொட்டலங்களை எடுத்து நீட்டினான். அவன் அடுப்புப் பக்கம் நகர்வதற்குள் குமரேசன் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டான். "நீ உக்காரு, நானே கிண்டறேன்." அதையும் தமிழ்செல்வன் பார்த்துக்கொண்டான்.

உப்புமா இறங்கியதும் பாய்ந்து தின்றார்கள். கஷ்டமான பேச்சு முடிந்துவிட்டது என்ற நிம்மதி எல்லோர் முகத்திலும் தெரிந்தது. குமரேசன் வாய் நிறைய வைத்துக்கொண்டு, சமாதானம் பேசுகிறவன் மாதிரி சொன்னான். "எப்பிடி பொலபொலன்னு கீது பாத்தியாடா? எங்கம்மா பக்குவமே தனி."

"உங்கம்மா பச்ச ரவைதான் குடுத்தாங்க" என்றான் தமிழ்செல்வன். "அப்டியே வெச்சா பூச்சி வெக்கும்னு எங்கம்மாதான் வறுத்துச்சு. எங்க வூட்டு வாணல்ல, எங்க வூட்டு நெய்ய ஊத்தி. நேத்து சாயங்காலமும் இதத்தான் துன்ன. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் துன்ன."

ஜெயவேலின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் பசியோடு குனிந்து, யாரையும் பார்க்காமல் தின்றான். குமரேசன் எழுந்து மரத்தடிக்குப் போய்த் துப்பினான். வாய் கொப்பளித்து மறுபடியும் துப்பினான்.

தமிழ்செல்வன் தன் தட்டை வழித்துச் சுத்தமாகத் தின்று முடித்தான். தன் துணிப்பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டான். சாப்பாட்டு மூட்டையிலிருந்து தன் பங்கென்று ஒரு பொட்டலம்கூட எடுக்கவில்லை. இப்போது இறங்கினால் இருட்டுவதற்குள் அடிவாரத்துச் சந்தவாசல் போய்விடலாம்.

நூறடி இறங்கியிருப்பான். மேலேயிருந்து குமரேசனின் குரல் வந்தது.

"டேய் செல்வம்! மீதி கீறதுல எது எது உங்கம்மா கை பட்டதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போடா!"

ராஜம்மாளின் கை பட்டது ரவை ஒன்றுதான். அதுவும் இப்போது தீர்ந்துவிட்டது. மூட்டையில் மிச்சமிருந்த எதையும் அவள் தொட்டதுகூட இல்லை.

"எல்லாந்தான்டா!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, தமிழ்செல்வன் இறங்கிப் போனான்.